பின்சக்கரத்தைத் தாங்கும் காற்று

மலைப்பாதைக்கென்று செய்த சைக்கிளை நிறுத்திவைத்துப் பக்கவாட்டில் பார்த்தால், சட்டத்தின் நடுவே ஒரு சாண் நீளத்துக்குத் தடித்த குழாய் ஒன்று தெரியும். சில சைக்கிள்களில் படுத்திருக்கும், சிலவற்றில் சாய்ந்து நிற்கும். மோட்டார் பைக்கின் ஷாக் அப்சார்பரைப் பார்த்துப் பழகிய கண் முதலில் அதில் எஃகுச் சுருளைத் தேடும். சுருள் இருக்காது. உள்ளே இருப்பது காற்று. முந்நூறு, நானூறு கிராம் எடையுள்ள அந்தக் குழாய், பின்சக்கரத்தின் மேல் விழும் பாரத்தையெல்லாம் அந்தக் காற்றைக் கொண்டே தாங்குகிறது.

கார் டயரில் சுமார் 30 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடிக்கிறோம். இதற்குள் 200 பிஎஸ்ஐ என்பது சாதாரணம். 40 மி.மீ. விட்டமுள்ள ஒரு வட்டத்தின் மீது 200 பிஎஸ்ஐ அழுத்துகிறது என்றால், 170 கிலோவுக்கும் மேற்பட்ட எடை அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அத்தனையையும் வெளியே விடாமல் பிடித்துவைத்திருப்பவை விரல் மோதிரத்தைவிடச் சற்றே பெரிய சில ரப்பர் வளையங்கள். ஷாக்கின் மற்ற பாகங்கள் பத்தாண்டு தாங்கினாலும் இந்த வளையங்கள் தாங்காது. அவற்றை வீட்டிலேயே மாற்ற முடியும், மாற்றத்தான் வேண்டும். அதைச் சொல்வதற்கு முன், இந்தப் பொருள் எந்த வழியாக நம் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது என்று பார்த்துவிடலாம். வந்த வழி தெரிந்தால், எதைத் திறக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

காற்று ஷாக் சைக்கிளுக்காகப் பிறந்ததல்ல. 1970களின் நடுவில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மோட்டோகிராஸ் பந்தயம் கொடிகட்டிப் பறந்தது. மண்மேடுகளில் மோட்டார் பைக்கைத் துள்ளவிட்டு ஓட்டும் அந்தப் பந்தயத்தில், பின்சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம் நாலு அங்குலம் என்றிருந்தது, சில ஆண்டுகளுக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது. அவ்வளவு தூரத்துக்கு ஈடுகொடுக்கும் ஷாக் அப்போது சந்தையில் இல்லை. பாப் ஃபாக்ஸ் என்ற பந்தயக்காரர் 1974ல் ஒரு நண்பரின் கராஜில் உட்கார்ந்து, சுருளே இல்லாத ஷாக் ஒன்றைச் செய்தார். ஃபாக்ஸ் ஏர்ஷாக்ஸ் என்று அதற்குப் பெயர். அவருடைய சகோதரர் ஜெஃப் ஃபாக்ஸ் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அதே ஆண்டு மோட்டோ-எக்ஸ் ஃபாக்ஸ் என்ற உதிரிபாக வியாபாரத்தைத் தொடங்கினார். ஒருவரின் வழியில் பிற்காலத்தில் ஷாக் செய்யும் ஃபாக்ஸ் ஃபேக்டரி வளர்ந்தது, மற்றவரின் வழியில் பந்தய உடைகள் விற்கும் ஃபாக்ஸ் ரேசிங் வளர்ந்தது. இன்றும் பலர் இரண்டையும் ஒன்றென்றே நினைக்கிறார்கள்.

1976ல் கென்ட் ஹோவர்ட்டன் அமெரிக்காவின் 500 சிசி தேசிய மோட்டோகிராஸ் பட்டத்தை வென்றபோது அவருடைய பைக்கின் பின்னால் இருந்தவை ஏர்ஷாக்ஸ்தான். அதோடு காற்றின் காலம் பிறந்துவிட்டது என்று அன்று பலர் நினைத்திருக்கலாம். ஆனால் மோட்டோகிராஸில் காற்று நிலைக்கவில்லை. பெல்ஜியக்காரர் லூசியன் டில்கன்ஸ் வகுத்த ஒற்றை ஷாக் முறையை யமஹா எடுத்துக்கொண்டது. 1973லேயே ஹோகன் ஆண்டர்சன் அதை வைத்து 250 சிசி உலகப் பட்டத்தை வென்றிருந்தார். நாளடைவில் எல்லாரும் பின்னால் ஒரே ஷாக், அதில் எஃகுச் சுருள் என்ற வழிக்கு வந்தார்கள். நூறு கிலோ எடையுள்ள இயந்திரம் அரைமணி நேரம் இடைவிடாமல் துள்ளும்போது ஷாக் கொதிக்கும். காற்று சூடேறினால் அழுத்தம் கூடும், அழுத்தம் கூடினால் முதல் சுற்றில் ஒரு மாதிரியும் கடைசிச் சுற்றில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். எஃகுக்கு அந்தச் சங்கடம் மிகக் குறைவு.

காற்று ஷாக்கின் கதை அங்கேயே முடிந்திருக்கக்கூடும். அதைக் காப்பாற்றியது சைக்கிள்.

ஹோவர்ட்டன் பட்டம் வென்ற அதே 1976ல், அதே கலிஃபோர்னியாவில், சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்ட்டியில், சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கத்தில் விட்டுப் பந்தயம் வைத்தார்கள். ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகில், அக்டோபர் 21ஆம் தேதி முதல் பந்தயம். மூன்று கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறத்தாழ 400 மீட்டர் இறக்கம். சஸ்பென்ஷன் என்பதே கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும். இறங்கி முடிப்பதற்குள் அதிலுள்ள கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் வைத்து அடைக்க வேண்டும். அதனால் அந்தப் பாதைக்கு ரீபேக் என்றே பெயர் நிலைத்தது. மலைச் சைக்கிள் பிறந்த நாளிலிருந்தே ஓட்டியவர்தான் மெக்கானிக். வண்டியைப் பிரிக்கத் தெரியாதவருக்கு அந்த மலையில் இரண்டாவது இறக்கம் கிடையாது.

அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிச்சி ஆகியோரின் கையால் மலைச் சைக்கிள் ஒரு தொழிலாக மாறியது. அதன் பிறகும் பத்தாண்டுக்கு மேல் அதில் ஸ்பிரிங் எதுவும் வரவில்லை. மேடுபள்ளத்தை ஓட்டுபவரின் முழங்கையும் முழங்காலும்தான் வாங்கிக்கொண்டன. மோட்டோகிராஸில் ஹோண்டா அணியின் மெக்கானிக்காக இருந்த பால் டர்னர், ஸ்டீவ் சைமன்ஸுடன் சேர்ந்து 1989ல் ராக்ஷாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் செய்த ஆர்எஸ்-1 என்ற முன் ஃபோர்க்குக்குள் காற்றும் ஆயிலும் இருந்தன. சக்கரம் 50 மி.மீ. அளவுக்குத்தான் மேலே போகும். 1990ல் கொலராடோவின் டுராங்கோவில் உலகப் போட்டி நடந்தது. இறக்கப் பந்தயத்தில் கிரெக் ஹெர்போல்ட் அந்த ஃபோர்க்குடன் இறங்கித் தங்கம் வென்றார். மோட்டோகிராஸ் கைவிட்ட காற்று, மோட்டோகிராஸ் ஆட்களின் கையாலேயே சைக்கிளுக்குள் வந்தது.

முன்பக்கம் எளிது, பின்பக்கம் கடினம். பின்சக்கரம் மேலும் கீழும் அசைய வேண்டும், ஆனால் செயின் இழுக்கும்போது அது அமுங்கிவிடக்கூடாது. அமுங்கினால் ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் குதிரைபோல் ஆடும், ஏற்றத்தில் ஆளைக் களைத்துப் போடும். ஆஸ்திரியாவிலிருந்து வந்து கலிஃபோர்னியாவில் குடியேறிய ஹார்ஸ்ட் லைட்னர் 1990களில் இதற்கு ஒரு நாலு மூட்டு வழி கண்டார். பின்சக்கர அச்சுக்கு முன்னால், கீழே, ஒரு மூட்டு வைப்பது அதன் சாரம். அதன் உரிமையைப் பிற்பாடு ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் வாங்கியது. லைட்னரும் மோட்டோகிராஸ் உலகிலிருந்து வந்தவர்தான்.

சைக்கிளின் பின்பக்கத்தில் காற்று வேர்பிடித்ததற்குக் காரணம் தெளிவானது. மோட்டார் இல்லாத வண்டியில் ஒவ்வொரு கிராமையும் ஓட்டுபவரின் தொடைதான் மலையேற்ற வேண்டும். எஃகுச் சுருள் வைத்தால் அதற்கே சில நூறு கிராம் போய்விடும். தவிர, 55 கிலோ பெண்ணும் 95 கிலோ ஆணும் ஒரே மாடலை வாங்குகிறார்கள். சுருள் என்றால் ஆளுக்கொரு சுருள் வேண்டும், காற்றுக்கு ஒரு பம்ப் போதும். மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. காற்றை அமுக்க அமுக்க அது மேலும் முரண்டுபிடிக்கும். பாதி தூரம்வரை இணங்கிப் போகும், கடைசி அங்குலத்தில் கல்லாகிவிடும். பெரிய குதிப்பில் ஷாக் அடிதட்டாமல் காப்பது அந்தக் குணம். சில நிமிட இறக்கத்துக்கும் பதின்மூன்று கிலோ வண்டிக்கும் சூடு அவ்வளவு பெரிய எதிரியாகவும் இருக்கவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில், எசெக்ஸின் ஹேட்லி ஃபார்ம் பாதையில், செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹவி பின்னாலும் ஷாக் வைத்த சைக்கிளில் தங்கம் வென்றார். அதுவரை ஒலிம்பிக் மலைச் சைக்கிள் தங்கத்தைப் பின் ஷாக் இல்லாத எடை குறைந்த சைக்கிள்களே எடுத்துப்போயின. காற்று ஷாக்கின் எடையைப் பற்றி அதன் பிறகு பெரிய வாதம் இல்லை.

பிறந்தது கலிஃபோர்னியா என்றாலும் இன்று நம் கைக்கு வரும் ஷாக் பெரும்பாலும் தைவானின் தைச்சுங் பகுதியில் உருவானது. ஜயன்ட் நிறுவனம் 1972ல் அங்கே தொடங்கியதிலிருந்து அந்த வட்டாரம் முழுக்கச் சைக்கிள் பாகத் தொழிற்சாலைகள் பெருகின. 2002ல் எஸ்ராம் நிறுவனம் ராக்ஷாக்ஸை வாங்கியதும் அதன் தயாரிப்பு அங்கே போனது. ஃபாக்ஸும் 2010களில் சைக்கிள் ஷாக் தயாரிப்பை அங்கே மாற்றிக்கொண்டது. சட்டம் செய்பவர்கள் அங்கே இருக்கும்போது ஷாக் மட்டும் கடல்தாண்டி வருவதில் அர்த்தமில்லை. விலையுயர்ந்த ஃபாக்ஸ் ஷாக்குகளில் பொன்னிறமாகத் தெரியும் பூச்சு காஷிமா எனப்படும். ஜப்பானின் மியாகி நிறுவனத்தினுடையது. அலுமினியத்தின் மேற்பரப்பை மின்வேதி முறையில் கடினப்படுத்தும்போது கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்துளைகள் உண்டாகும். அவற்றுக்குள் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற வழுக்குப் பொருளை இறக்கிவிடுகிறார்கள். அந்தப் பொன்னிறம் அழகுக்கென்று நினைப்பவர்கள் உண்டு. ரப்பர் உரசிப்போகும் பரப்பு அது, அதன் வேலை வழுக்குவது.

இப்படி வந்து சேரும் ஷாக் சட்டத்தில் பூட்டிய நாளிலிருந்து என்ன பாடுபடுகிறது? பின்சக்கரம் 150 மி.மீ. மேலே போனால் ஷாக் 55 மி.மீ. அமுங்கும் என்று வையுங்கள். நெம்புகோல் கணக்கில், சக்கரத்தில் விழும் அடி இரண்டரை மடங்குக்கும் மேலாகி ஷாக்கில் விழுகிறது. ஒரு கரடுமுரடான இறக்கத்தில் ஆயிரம் முறையாவது அது உள்ளே போய் வெளியே வரும். பின்சக்கரம் வாரியடிக்கும் சேறும் மணலும் நேராக வந்து விழும் இடமும் அதுதான். உள்ளே போய்வரும் தண்டின் மேல் ஒட்டும் தூசியை வழித்துத் தள்ள, காற்றை அடைத்துவைத்திருக்கும் வெளிக்குழாயான ஏர் கேனின் வாயில் ஒரு துடைப்பு வளையம் உண்டு. அது நூறில் தொண்ணூற்றொன்பதைத் தள்ளிவிடும். மிச்சம் ஒன்று உள்ளே போகும். போனது கிரீஸில் ஒட்டி அரைபடும், வளையத்தின் உதட்டைத் தேய்க்கும், பூச்சைக் கீறும்.

ராக்ஷாக்ஸ் தன் பின் ஷாக்குகளுக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஏர் கேனைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்கிறது, 200 மணிக்கு ஒருமுறை முழுச் சர்வீஸ். ஃபாக்ஸ் 125 மணி அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது என்கிறது. வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் ஓட்டுபவருக்கு 50 மணி என்பது ஆறு மாதம். மழையிலும் செம்மண் சேற்றிலும் ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்காமல் இருப்பது நல்லது. சேறு மணிக்கணக்குப் பார்ப்பதில்லை.

முதுமையை ஷாக் சொல்லிக் காட்டும். மெல்ல அமுக்கும்போது முதல் மில்லிமீட்டர் இணங்காமல், பிறகு திடுக்கென்று வழிவிடும். அது கிரீஸ் வற்றியதன் அடையாளம். ராத்திரி அடித்த காற்று காலையில் பாதியாக இருந்தால் வளையம் போய்விட்டது. தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இயல்பு, ஈரமாக வழிந்தால் இயல்பல்ல. ஓட்டும்போது உள்ளே சளசளவென்று சத்தம் கேட்டு, அமுங்கியது தடையே இல்லாமல் துள்ளி எழுந்தால், கோளாறு காற்றுப் பக்கத்தில் இல்லை, ஆயில் பக்கத்தில். இந்தக் கடைசி அறிகுறி தெரிந்தால் வீட்டில் எதையும் திறக்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேசைக்கு வருவோம். ஷாக்கைச் சட்டத்திலிருந்து கழற்றப் பெரும்பாலும் ஆலன் கீ போதும். கழற்றுவதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தாளில் எழுதிவிடுங்கள்: எவ்வளவு பிஎஸ்ஐ இருந்தது, எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சிவப்புக் குமிழ் எத்தனையாவது கிளிக்கில் இருந்தது. ஷாக்கின் மேல் சிறிய எழுத்தில் ஓர் அடையாளக் குறி இருக்கும். ஃபாக்ஸில் அது நாலே எழுத்து. மாற்று வளையங்கள் அடங்கிய சீல் கிட் வாங்க அதுதான் முகவரி. பார்க்க ஒரேமாதிரி இருக்கும் இரண்டு ஷாக்குகளுக்கு வேறுவேறு வளையம் இருக்கும், கண்ணால் பார்த்து வாங்கக்கூடாது.

காற்றை இறக்குவதுதான் எல்லாவற்றிலும் கவனம் வேண்டிய கட்டம். வால்வின் மூடியைத் திறந்தால் தெரிவது கார் டயரில் இருக்கும் அதே வால்வு. நியூயார்க்கில் ஆகஸ்ட் ஷ்ரேடர் என்ற ஜெர்மன் குடியேறியின் நிறுவனத்திலிருந்து வந்து, 1893ல் காப்புரிமை பெற்ற அதே ஏற்பாடு. உயர்ரக ஷாக்காக இருந்தாலும் அந்த ஒரு பாகத்தில் எவரும் கைவைக்கவில்லை. நடு ஊசியை அமுக்கினால் காற்று சீறிக்கொண்டு போகும். போனதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக்கூடாது. ஏர் கேனுக்குள் பிஸ்டனுக்கு இருபுறமும் காற்று உண்டு. மேல்புறம் பாரத்தைத் தாங்கும் காற்று, கீழ்புறம் அதற்கு எதிராகத் தள்ளி ஷாக்கின் முதல் அசைவை மென்மையாக்கும் எதிர்க்காற்று. கேனின் உட்சுவரில் நகக்கண் அளவு ஒரு குழி இருக்கும். பிஸ்டன் அதைக் கடக்கும் அந்த நொடியில் மட்டும் இரு புறமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஆகவே வால்வு ஊசியை அமுக்கியபடியே ஷாக்கை மெதுவாகச் சில முறை அமுக்கி எடுக்க வேண்டும், அப்போதுதான் எதிர்க்காற்றும் போகும். எல்லாம் போன பிறகும் ஷாக் குறுகியே நின்று, இழுத்தாலும் நீளாமல் முறைத்தால், உள்ளே எதிர்க்காற்று சிறைப்பட்டிருக்கிறது. அதைத் திருகித் திறந்தால் கேன் குண்டுபோல் பாயும். அத்தகைய ஷாக்கைப் பொட்டலம் கட்டி, அதற்கென்றே கருவி வைத்திருக்கும் சர்வீஸ் ஆளிடம் கொடுத்துவிடுவதே சரி.

நல்லபடியாக நீண்டு நிற்கும் ஷாக்கை வைஸில் மென்மையான தாடை வைத்து, சட்டத்தில் பூட்டும் காதுப்பக்கமாகப் பிடித்து, காதுத் துளை வழியாக ஒரு துணியைச் செருகிவிடுங்கள். கேன் ஒருவேளை எகிறினால் துணி தடுத்து நிறுத்தும். கேனை இடப்பக்கமாகத் திருக வேண்டும். பல மாடல்களில் கைவலிமையே போதும், இல்லாவிட்டால் ரப்பர் பட்டைத் திருகி. இடுக்கி போட்டுப் பிடித்தால் கேன் நெளிந்துவிடும், அப்புறம் எந்த வளையமும் காற்றைப் பிடிக்காது. மரை முடிந்து கேன் நழுவி வரும்போது ஒரு சின்ன 'பக்' சத்தம் வரும். மிச்சமிருந்த காற்று அது.

உள்ளே பார்ப்பதுதான் இந்த வேலையின் பலன். புதிதாக வைத்தபோது தேன் நிறத்தில் இருந்த கிரீஸ், சாம்பல் கலந்த கறுப்புக் குழம்பாகியிருக்கும். விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் வளையம் தேய்ந்த தூள் மட்டும்தான். நறநறவென்றால் மணல் உள்ளே வந்திருக்கிறது, துடைப்பு வளையம் வேலை செய்யவில்லை. பஞ்சு உதிராத துணியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை நனைத்துத் துடையுங்கள். நம் பட்டறைப் பழக்கத்தில் பெட்ரோலோ தின்னரோ எடுக்கக் கை போகும். வேண்டாம், ரப்பரும் பிளாஸ்டிக் வளையங்களும் பாழாகும். துடைத்த தண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, நகத்தை மெல்ல ஓட்டுங்கள். நகம் எங்காவது தடுக்கினால் அங்கே கீறல். அதன் வழியாகக் காற்று கசிந்துகொண்டே இருக்கும், புது வளையம் போட்டும் பயனிராது.

பழைய வளையங்களை எடுக்க மரக்குச்சியோ பிளாஸ்டிக் ஊசியோ வேண்டும். இரும்பு ஊசி பள்ளத்தைக் கீறிவிடும். பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் அந்த வட்ட ரப்பருக்கும் ஒரு வரலாறு உண்டு. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன் 1930களில் தன் வீட்டின் நிலவறைப் பட்டறையில் பிரேக் ஒன்றைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் வளையத்தைவிடச் சற்று அகலமான பள்ளம் வெட்டி, அதில் வளையத்தை உட்காரவைத்தால் எத்தனை முறை பிஸ்டன் போய்வந்தாலும் கசிவதில்லை என்று கண்டார். 1937ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 72. அழுத்தம் கூடக்கூட வளையம் பள்ளத்தின் ஓரத்தில் மேலும் இறுகி ஒட்டிக்கொள்ளும், அதாவது கசியவேண்டிய அழுத்தமே கசிவை அடைக்கிறது. இயந்திரவியலில் இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு முழுமையாகவும் இருக்கும் யோசனைகள் மிகச் சிலவே என்பது என் எண்ணம். நம் வீட்டுக் குக்கரின் கேஸ்கெட் பழசானால் கடைக்குப் போய் வாங்கிவந்து நாமே மாற்றுகிறோம், அதற்கு எவரும் மெக்கானிக்கைக் கூப்பிடுவதில்லை. ஏர் கேனின் வளையங்களும் அந்த வகையைச் சேர்ந்தவைதான்.

புது வளையத்தைப் போடுமுன் சஸ்பென்ஷனுக்கென்று விற்கும் மெல்லிய கிரீஸைப் பள்ளத்திலும் வளையத்திலும் தடவுங்கள். சக்கர பேரிங்குக்கு வைக்கும் கெட்டி கிரீஸ் இங்கே உதவாது, அது முதல் அசைவையே இறுக்கிவிடும். வளையம் பள்ளத்தில் முறுக்கிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரல்நுனியால் ஒரு சுற்று வருடிப் பார்ப்பது அவசியம். முறுக்கிய வளையம் அன்றைக்கு நன்றாக இருக்கும், ஒரு மாதத்தில் வெட்டுப்படும். கேனுக்குள் ஊற்றும் ஆயில் ஓரிரு மில்லிதான், அந்தந்த மாடலுக்குக் கையேட்டில் சொன்ன அளவு. அதிகம் ஊற்றினால் காற்றுக்கான இடம் குறைந்து ஷாக் விறைக்கும்.

இனி, தொடக்கூடாத பக்கம். கேனைக் கழற்றிய பிறகு கையில் மிஞ்சும் தண்டும் உடலும் சேர்ந்ததுதான் டேம்பர். காற்று பாரத்தைத் தாங்குகிறது என்றால், அமுங்கியது எவ்வளவு வேகத்தில் திரும்ப வேண்டும் என்று முடிவுசெய்வது இது. மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கிய பிஸ்டன் ஒன்று ஆயிலுக்குள் நகர்கிறது. ஆயில் அந்தத் தகடுகளை வளைத்துக்கொண்டு இடுக்குவழியாகப் போகும்போது வேகம் சூடாக மாறுகிறது. ஆனால் வேகமாக நகரும் பிஸ்டனுக்குப் பின்னால் வெற்றிடம் விழுந்தால் ஆயில் நுரைத்துவிடும், நுரைத்த ஆயில் எதையும் கட்டுப்படுத்தாது. பிரான்சின் கிறிஸ்தியான் பூர்சியே த கார்போன் 1950களில் இதற்குத் தீர்வு கொண்டுவந்தார். ஒரே குழாய், அதன் கோடியில் மிதக்கும் இன்னொரு பிஸ்டன், அதற்குப் பின்னால் உயரழுத்த வாயு. அந்த வாயு எப்போதும் ஆயிலை நெருக்கிக்கொண்டே இருப்பதால் நுரைக்க வழியில்லை. கார்களுக்காகப் பிறந்த அந்த ஏற்பாடு அப்படியே சுருங்கி இந்த ஒரு சாண் குழாய்க்குள் வந்திருக்கிறது. சைக்கிள் ஷாக்கில் அந்த வாயு நைட்ரஜன், பல மாடல்களில் 300 பிஎஸ்ஐக்கும் மேல். ஏர் கேனைத் திறந்து காற்றை இறக்கினாலும் இந்த நைட்ரஜன் அப்படியே இருக்கும். இதைத் திறக்கவும் திரும்ப நிரப்பவும் தனிக் கருவியும் நைட்ரஜன் சிலிண்டரும் வேண்டும், ஆயிலில் ஒரு காற்றுக்குமிழிகூட மிஞ்சாமல் அடைக்கும் பயிற்சியும் வேண்டும். சளசளச் சத்தம் கேட்டால் வீட்டில் திறக்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

கேனைத் திரும்பப் பூட்டுவது கழற்றியதைவிட எளிது. கையால் இறுகும்வரை திருகினால் போதும், அழுத்தமே மரையைப் பிடித்துக்கொள்ளும். டயர் பம்ப் இங்கே பயன்படாது, ஷாக்குக்கென்று உள்ள உயரழுத்தச் சிறு பம்ப் வேண்டும். ஷாக்கைச் சைக்கிளில் பூட்டி, முதலில் 50 பிஎஸ்ஐ மட்டும் அடித்து, இருக்கையை அமுக்கிப் பத்து இருபது முறை மெதுவாக இறக்கி ஏற்றுங்கள். அந்தச் சிறு குழி வழியாக எதிர்க்காற்று அறை நிரம்புவது அப்போதுதான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் இதையே செய்ய வேண்டும். ஒரேயடியாக 200 அடித்தால் ஷாக் மரக்கட்டையாக நிற்கும். பெரும்பாலான மாடல்களின் உச்சவரம்பு 300 முதல் 350 பிஎஸ்ஐக்குள், அது ஷாக்கின் மேலேயே எழுதியிருக்கும்.

பம்பைக் கழற்றும்போது சீறும் சத்தம் பலரைப் பயமுறுத்துகிறது. அது பம்பின் குழாயில் நின்ற காற்று, ஷாக்கிலிருந்து போவதல்ல. சரிபார்க்க மறுபடி பம்பை மாட்டினால் முள் குறைவாகக் காட்டும், ஷாக்கின் காற்றில் கொஞ்சம் காலிக் குழாய்க்குள் போனதுதான் காரணம். இது தெரியாமல் கசிகிறது என்று எண்ணி நல்ல ஷாக்கைத் திரும்பத் திரும்பப் பிரிப்பவர்கள் உண்டு. உண்மையில் கசிகிறதா என்று அறிய, கேனின் வாயிலும் வால்விலும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள், குமிழி பொய் சொல்லாது. கடைசியாக, ஓட்டும் உடையிலும் பையோடும் ஏறி அமர்ந்து, தண்டின் மேலுள்ள சிறு ரப்பர் வளையம் எவ்வளவு நகர்ந்தது என்று அளக்க வேண்டும். 55 மி.மீ. தண்டு என்றால் 14 முதல் 17 மி.மீ. வரை, அதாவது கால்பங்கு முதல் முப்பது சதவீதம். அதற்குமேல் அமுங்கினால் காற்றைக் கூட்டுங்கள், குறைந்தால் இறக்குங்கள்.

ஃபாக்ஸும் ராக்ஷாக்ஸும் தங்கள் சர்வீஸ் கையேடுகளைப் படத்தோடு இலவசமாகவே கொடுக்கின்றன, சீல் கிட்டையும் தனியாக விற்கின்றன. இது பெரிய விஷயம். வாங்கியவருக்குத் தன் பொருளைத் திறக்கும் உரிமையை மறுக்கும் நிறுவனங்கள் மலிந்த காலத்தில், இந்தக் கதவு திறந்திருக்கும்வரை அதைப் பயன்படுத்திக்கொள்வதே அதைத் திறந்துவைத்திருக்கும் வழி. புது ஷாக் வாங்குபவர்கள் கடையில் நிறத்தையும் குமிழ்களின் எண்ணிக்கையையும் விசாரிப்பதற்கு முன், இந்த மாடலுக்குச் சீல் கிட் கிடைக்கிறதா, ஏர் கேனைக் கையால் திறக்க முடியுமா என்று கேளுங்கள். பழைய சைக்கிள் வாங்குபவர்கள் ஷாக் காற்றைப் பிடிக்கிறது என்பதை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள், கடைசியாக எப்போது கேனைத் திறந்தார்கள் என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், முதல் வேலையாக நீங்களே திறங்கள். கேனை மட்டும். நைட்ரஜன் பக்கத்தை விட்டுவிடுங்கள்.